ப்ரூக்மெல்ட் என்று ஒருவர்

காலையிலிருந்து நான் சந்திக்கும் பதினோராவது ப்ரூக்மெல்ட் இவர். இவருக்கு நோபல் பரிசு கிடைத்திருக்கிறது. பத்தாவது ஆள் பெண். 'ப்ரூக்மெல்ட் அம்மையார்' என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தது. ஏழாவது ஆள் தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கித் தமிழ் கற்றவர். நான்காவது ஆள் இளமையில் தாயை இழந்து, அந்தத் துயரத்திலேயே கதைமாந்தரை எட்டு வகையாகப் பிரித்தவர். நானும் எல்லோருக்கும் பத்துக்கு ஏழு, ஏழரை, கையெழுத்து நன்றாக இருந்தால் எட்டு என்று போட்டுக்கொண்டே வருகிறேன். சிவப்பு மை ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. கலையரங்கத்தின் உச்சியில் மின்விசிறிகள் சுற்றுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டிருக்கின்றன. மணி பதினொன்று நாற்பது, தேநீரும் உளுந்த வடையும் முடிந்தாயிற்று, ஒரு மணிக்குள் இந்தக் கட்டில் இருக்கும் முப்பது விடைத்தாள்களையும் திருத்தி எங்கள் மேசைத் தலைமைத் தேர்வாளர் ஞானதிரவியம் சாரிடம் கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வு விடைத்தாள் திருத்தும் முகாம் என்பது இதுதான்: பதினான்கு மேசை, மேசைக்கு ஆறு பேராசிரியர்கள், அவர்கள் தலையில் ஒரு தலைமைத் தேர்வாளர், எல்லாத் தலைக்கும் மேலே ஒரு சேர்மன். மாணவர் பெயர் இருக்காது, ஊர் இருக்காது, முகப்பைக் கிழித்துவிட்டு ஒரு டம்மி எண் போட்டிருப்பார்கள். பெயரும் ஊரும் இல்லாத ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நம் அகப்பாட்டு மரபு தெரியாது என்று அர்த்தம். அங்கே தலைவன், தலைவி, தோழி, செவிலி, வழியில் போகிறவர்கள் என்று வகைதான் உண்டு, யாருக்கும் பெயர் கிடையாது. இரண்டாயிரம் வருடமாக நாம் டம்மி எண்ணிலேயே காதலித்துக்கொண்டிருக்கிறோம். இன்றைய தாளும் அதைப் பற்றியதுதான், 'கதைமாந்தர் வகைமை', இளங்கலைத் தமிழ். பதினெட்டாவது வினா கட்டாய வினா, பத்து மதிப்பெண்: 'வாசற்படி மாந்தர் என்னும் வகையினை ப்ரூக்மெல்ட் வழிநின்று விளக்குக.' விளக்கட்டும், நன்றாக விளக்கட்டும். ப்ரூக்மெல்ட் என்று ஒருவர் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அவரைப் பெற்றுப் பெயர் வைத்தவன் நான்.

இருபத்திரண்டு வருடம் ஆகிறது, எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. இந்தத் தாளுக்கு உரைநூல் எழுதிக் கோமதி அச்சகத்தில் கொடுத்திருந்தேன். முதலாளி இசக்கிமுத்து வேட்டியில் மையைத் துடைத்துக்கொண்டு வந்து, "சார், கடைசி ஃபாரத்துல முக்காப் பக்கம் வெறுமனே கிடக்கு. பதினாறு பக்கம் சேந்தாத்தான் ஒரு ஃபாரம். வெத்துத் தாளா விட்டா பையன்மாரு அதுல படம் வரைவானுவ. என்னமாவது எழுதித் தாங்களேன்" என்றார். என்னமாவது. நான் ஏழு வகை சொல்லி முடித்திருந்தேன்: தலைவன், எதிராளி, வழிகாட்டி, தோழன், தூதன், தந்திரக்காரன், தன்னையே கொடுக்கும் தாய். ஏழும் நியாயமான வகைகள், உலகத்தில் எந்தக் கதையை எடுத்து உலுக்கினாலும் அதிலிருந்து உதிரக்கூடியவை. எட்டாவதுக்கு எங்கே போவது? அச்சகத்தின் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன், உள்ளே போனால் சட்டையில் மை படும், வெளியே வெயில். எதிரே அந்தக் கிழட்டு சிலிண்டர் இயந்திரம் தடதடவென்று என் ஐந்தாவது ஃபாரத்தை அடித்துக்கொண்டிருந்தது. அதன் இரும்பு விலாவில் செய்தவன் பெயர் வார்ப்பு எழுத்தில் இருந்தது, மையும் தூசியும் அப்பி, ப்ரூக்மெல்ட். கை தானாக எழுதியது, சத்தியமாகத் தானாக: 'ஜெர்மானிய அறிஞர் ப்ரூக்மெல்ட் எட்டாவதாக ஒரு வகையினைச் சுட்டுவார். இம்மாந்தர் உள்ளேயும் நுழையார், வெளியேயும் செல்லார், கதை முழுதும் வாசற்படியில் நிற்பர். இவர் நிற்பதாலேயே பிறர் வாழ்வில் நிகழ வேண்டியது நிகழாது போகும்.' முக்கால் பக்கத்துக்குச் சரியாக வந்தது, ஒரு வரி கூட மிஞ்சவில்லை. இசக்கிமுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளக்காரன் என்னமா யோசிச்சிருக்கான் பாத்தியளா" என்றார். எனக்கு அன்றைக்கு ஒரு குஷி, ஊருக்கே சுண்ணாம்பு தடவிவிட்ட குஷி. அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் பாடத்திட்டக் குழுவில் யாரோ அதைப் பாடமாக்கினார்கள், பாடமானதும் வினா வந்தது, வினா வந்ததும் விடைக்குறிப்பு வந்தது, விடைக்குறிப்பில் ஏறிய ஒன்றை இறக்க ஆண்டவனே வந்தாலும் மூன்று படிவம் நிரப்ப வேண்டும்.

பன்னிரண்டாவது விடைத்தாள். நீல மை, வலது பக்கம் சாய்ந்த எழுத்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களின் சாய்வு. முதல் பதினேழு வினாவும் சுமார்தான், கூட்டிப் பார்த்தால் இருபத்திரண்டு. எழுபத்தைந்துக்கு முப்பது வந்தால் தேர்ச்சி, ஆக பதினெட்டாவதில் எட்டு வாங்கியாக வேண்டும். அது ஒன்றும் பெரிய காரியமில்லை, ப்ரூக்மெல்ட்டுக்கு ஒரு நோபல் பரிசு வாங்கிக் கொடுத்தால் போதும் என்று பக்கத்தைத் திருப்புகிறேன். 'இந்த வினாவுக்கு இதற்கு முன் இரண்டு முறை உரைநூலில் உள்ளபடியே விடை எழுதினேன். இந்த முறை எழுதப் போவதில்லை.' பேனாவை மூடினேன். எதற்கு மூடினேன் என்று தெரியவில்லை, திரும்பத் திறந்தேன். 'ப்ரூக்மெல்ட் எழுதிய நூல் எங்கள் கல்லூரி நூலகத்தில் இல்லை. மாவட்ட மைய நூலகத்தில் இல்லை. கைப்பேசியில் தேடினால் எங்கள் உரைநூலைத்தான் காட்டுகிறது. அவர் ஒருவேளை இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது தவறு.' என் காதுக்குள் அந்த சிலிண்டர் இயந்திரம் தடதடக்க ஆரம்பித்துவிட்டது. இருபத்திரண்டு வருடம்! வருடத்துக்கு இரண்டு தேர்வு, தேர்வுக்கு ஆயிரம் பிள்ளைகளாவது இருக்கும், எத்தனை பேர், எத்தனை பேராசிரியர்கள், ஒருவர் கூட, ஒரே ஒருவர் கூட, பேச்சுக்குக் கூட, 'யார் இந்த ஆள்' என்று என்னிடம் கேட்டதில்லை. கேட்டு ஒரு குரல் வராதா என்று நான் காத்திருந்தேனா பயந்திருந்தேனா, இரண்டும்தான். இப்போது வந்திருக்கிறது, நீல மையில், சாய்ந்துகொண்டு. எழுந்து மேசை மேல் ஏறி நின்று கத்தலாம் போல இருக்கிறது.

"என்ன சார், பேப்பரப் பாத்துத் தனியாச் சிரிக்கீங்க?" உலகம்மாள் மேடம், பக்கத்து நாற்காலி, நான் மனதுக்குள் இவரைத் தோழி வகையில் போட்டு வைத்திருக்கிறேன், முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லும் உட்பிரிவு. "ஒண்ணுமில்ல மேடம், ஒரு நல்ல விடை." "நல்ல விடையா? இந்த அரியர் கட்டுலயா? பாத்து சார், வெயில் தலைக்கு ஏறிட்டுன்னு வீட்டுக்கு அனுப்பிருவாங்க." ஆமாம், அரியர் கட்டு. பழைய பாடத்திட்டம், அதை இந்த வருடத்தோடு மூடுகிறார்கள், இதுதான் கடைசித் தேர்வு என்று அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. இதில் விழுந்தால் அடுத்தது கிடையாது, பட்டம் கிடையாது. இது தெரிந்தும் ஒரு மனிதப் பிறவி, கட்டாய வினாவில், எட்டு மதிப்பெண் தேவைப்படும் இடத்தில், விடை எழுத மறுக்கிறது. இது எந்த வகை? தலைவன் இல்லை, தலைவன் என்றால் ஆதாயம் பார்ப்பான். தந்திரக்காரன் இல்லை, அது நான். மேலே வாசிக்கிறேன், தாளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கைரேகை விழுந்துவிட்டது.

'நான் மூன்று வருடமாக ஒரு ஜவுளிக்கடை வாசலில் நிற்கிறேன். கண்ணாடிக் கதவைத் திறந்து வாங்க வாங்க என்று சொல்வது என் வேலை. கதைமாந்தர் எல்லோரும் அந்த வாசலுக்கு வருகிறார்கள். தலைவி வருவாள், அவள் கண் அவளுக்கு முன்பே உள்ளே போயிருக்கும். குறை சொல்வதற்கென்றே ஓர் அத்தை கூட வருவார், அவர் எதிராளி. எடுத்த சேலையைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு உனக்குத்தான் நல்லா இருக்கும் என்று அடுத்தவருக்குக் கொடுக்கும் தாய் வருவார். மனைவிக்காகக் காத்திருக்கும் கணவர்கள் கூட வாசலில் நிற்பதில்லை, நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். வாசற்படி தாண்டுவதற்காகக் கட்டியது. அதில் யாரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நின்று நான் பார்த்ததில்லை. நான் நிற்கிறேன், அது சம்பளத்துக்காக. மணி ஒன்பதானால் நானும் தாண்டிப் போய்விடுவேன். உள்ளேயும் போகாமல் வெளியேயும் போகாமல் வாழ்நாள் முழுவதும் படியிலேயே நிற்கும் மனிதர் என்று ஒரு வகை இல்லை. இருந்தால் யாராவது நேரில் காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன்.' அவ்வளவுதான். கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை, முடிவுரை கூட இல்லை. அட, அட. நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள்! இந்த ஒரு வாக்கியத்துக்காக நான் என் ஓய்வூதியத்தில் பாதியைக் கொடுப்பேன். வகை வகையாக ஆட்களை ஒரு கண்ணாடிக் கதவில் நிறுத்திக் காட்டிவிட்டு, எட்டாவதைத் தள்ளி வெளியே விட்டுக் கதவைச் சாத்தியாயிற்று. பையனா பெண்ணா தெரியவில்லை, நாகர்கோவிலா தென்காசியா தெரியவில்லை, எங்கேயோ ஒரு ஜவுளிக்கடை வாசலில் இப்போது, இந்த நிமிடம், ஒரு கை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, நான் அந்தக் கையின் எழுத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விடைக்குறிப்பு என்ன சொல்கிறது? 'ப்ரூக்மெல்ட் அறிமுகம் 2, வகை விளக்கம் 4, எடுத்துக்காட்டு 2, முடிவுரை 2.' இந்தக் கணக்கில் இவருக்குப் பூஜ்யம், கருணையிருந்தால் ஒன்று. சத்தம் போடாமல் எட்டு போட்டுவிட்டால் என்ன? முடியாது. முப்பதை ஒட்டி வரும் தாள்கள் எல்லாம் தலைமைத் தேர்வாளர் கண்ணில் பட்டே ஆக வேண்டும், ஞானதிரவியம் சார் வாயில்காப்போன் வகை, விடைக்குறிப்பைக் கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறவர். எட்டு போட்டு அவரிடம் நீட்டினால், "தாணு சார், இதுல ப்ரூக்மெல்ட்டே இல்லியே, ப்ரூக்மெல்ட்டைத் திட்டில்லா வச்சிருக்கு" என்று ஒரு கோடு இழுத்து எட்டைப் பூஜ்யமாக்கி, பக்கத்தில் சுருக்கொப்பமும் போட்டுவிடுவார். உண்மையில் அவர் இப்போதே என்னைத்தான் பார்க்கிறார், மேசைத் தலைமாட்டிலிருந்து. "தாணு சார், எத்தன ஆச்சு?" "பன்னெண்டு சார்." "பன்னெண்டா? எல்லாரும் இருபதைத் தாண்டியாச்சு. ரிட்டயர் ஆகிற அன்னைக்குத்தான் முடிப்பீங்க போல." எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன். நான்கு மாதத்தில் ஓய்வு. துறையில் மலர் ஒன்று போடுகிறார்கள், அட்டைப் படத்துக்கு என்னைக் கையில் புத்தகத்தோடு நிற்க வைத்துப் படம் எடுத்தாயிற்று. உள்ளே முதல் கட்டுரையின் தலைப்பு எனக்குத் தெரியும், எழுதியவரே வந்து வெட்கத்தோடு காட்டினார்: 'எட்டாம் வகையைத் தமிழுக்குத் தந்த ஆசான்'. தந்தேன், ஆமாம். முக்கால் பக்கம் குறைந்ததால் தந்தேன். இதைச் சொன்னால் மலர் என்ன ஆகும், என் முகம் என்ன ஆகும், ஓய்வு பெறும் நாளில் மாலை போடுகிறவர்கள் சிரிப்பை எங்கே ஒளிப்பார்கள்? இதெல்லாம் கூடத் தாங்கலாம். தாங்க முடியாதது ஒன்று இருக்கிறது, நினைவு அங்கேதான் போய் முட்டுகிறது, காலையிலிருந்தே, சேர்மன் யார் என்று பலகையில் பார்த்ததிலிருந்தே.

சேர்மன் முனைவர் தங்கபுஷ்பம். அவர் முனைவரானதே வாசற்படி மாந்தரை வைத்து. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய பொது வாய்மொழித் தேர்வு, எல்லோரும் போய் உட்கார்ந்து கேட்கலாம், முடிந்ததும் லட்டும் மிக்சரும் உண்டு என்பதால் எல்லோரும் போவார்கள். நான் கடைசி வரிசை. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், நரைத்த மீசை, மெல்லத்தான் கேட்டார்: "ஏம்மா, இந்த ப்ரூக்மெல்ட்டோட மூலநூலை நீங்க பாத்தீங்களா?" தங்கபுஷ்பம் நிமிர்ந்து, நேராகக் கடைசி வரிசையைப் பார்த்தார். என்னை. ஒரு மூச்சு நேரம் இருக்கும், ஒரு வாக்கியத்துக்கான நேரம், எழுந்து 'ஐயா, அந்தப் பிழை என்னுடையது' என்று சொல்லும் நேரம். முன்கூட்டியே பரிமாறிவிட்டார்கள், என் கையில் ஒரு லட்டு இருந்தது, அதில் ஒரு முந்திரி இருந்தது, அந்த முந்திரியை நான் மிகவும் கவனமாகப் பார்த்தேன். பிறகு காற்று வாங்குவது போல எழுந்து கதவோரம் போனேன். "உரைநூல் வழியாத்தான் கிடைச்சுது ஐயா" என்று அவர் சொல்வது முதுகில் கேட்டது. ஒருவாறு பட்டம் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆய்வேட்டின் ஒரு பிரதியை எனக்கும் அன்பளிப்பாக அனுப்பினார், நீல அட்டை, முன்னூறு பக்கம், பீரோவின் மேல்தட்டில் இருக்கிறது, பன்னிரண்டு வருடமாக நான் அதைத் திறந்ததில்லை. எல்லாம் படிப்பேன், பஞ்சாங்கத்தின் பின்னட்டை வரை படிப்பேன், அதைத் தவிர. இப்போது போய் ப்ரூக்மெல்ட் பொய் என்றால் அந்த நீல அட்டையும் பொய், அவருடைய பெயருக்கு முன்னால் இருக்கும் முனைவரும் பொய். ஒரு நீல மைக் கையெழுத்தைக் காப்பாற்ற ஒரு நீல அட்டையைக் கொளுத்துவதா? போகாமல் இருந்துவிடலாம். பேசாமல் பூஜ்யம் போட்டுப் பதின்மூன்றாவது தாளுக்குப் போய்விடலாம், அங்கே ப்ரூக்மெல்ட் சந்திரனுக்கே போயிருக்கக்கூடும். பேனா தாளின் மேல் நிற்கிறது. மை ஒரு சொட்டுத் திரண்டு, விழலாமா வேண்டாமா என்று நிப்பின் நுனியில் யோசிக்கிறது. 'இவர் நிற்பதாலேயே பிறர் வாழ்வில் நிகழ வேண்டியது நிகழாது போகும்.' யார் எழுதியது இது? நன்றாக எழுதியிருக்கிறான், பாவி.

எழுந்துவிட்டேன். விடைத்தாள் கையில் இருக்கிறது, நாற்காலி பின்னால் சாய்ந்து விழப் பார்த்தது, உலகம்மாள் மேடம் பிடித்துக்கொண்டார். "எங்க சார்?" "சேர்மன் ரூமுக்கு." "காப்பியடிச்சிருக்கா?" "இல்ல மேடம். இது ஒண்ணுதான் காப்பியடிக்கல." அவர் ஏதோ கேட்டார், நான் நடந்துகொண்டிருந்தேன். மேசைகளுக்கு நடுவே போகும்போது ஒவ்வொரு தாளிலும் ப்ரூக்மெல்ட், ப்ரூக்மெல்ட் என்று ஒரு முணுமுணுப்பு கேட்பது போலிருக்கிறது, எண்பத்து நாலு சிவப்புப் பேனா அவருக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறது, என் பிள்ளை எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டான்! பயம்தான், ஆனால் கால் துள்ளுகிறது. ஆறாம் வகுப்பில் மாறுவேடப் போட்டிக்குப் போன கால் இப்படித்தான் துள்ளியது, அன்றைக்கு நான் தூதன், வேடம் எல்லாம் போட்டு மேடைப் படி வரை போய் அங்கேயே நின்றுவிட்டேன், செய்தி போய்ச் சேரவேயில்லை, ராஜா வேடம் போட்டவன் காத்திருந்து காத்திருந்து அழுதுவிட்டான். இது எதற்கு இப்போது ஞாபகம் வருகிறது? சேர்மன் அறை மேடைக்குப் பக்கத்தில், நாடகம் நடந்தால் ஒப்பனை அறை, முகாம் நடந்தால் அலுவலகம். சுவர் முழுக்க ஒப்பனைக் கண்ணாடி, அதைச் சுற்றிப் பல்புகள். கதவு திறந்திருக்கிறது. உள்ளே தங்கபுஷ்பம் மேடம் முதுகு காட்டி ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார், முடி முன்பக்கம் நரைத்துவிட்டது. நான் நிலைப்படியில் நிற்கிறேன். கண்ணாடியில் என்னைப் பார்க்கிறேன், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, கையில் ஒரு தாள். நிற்கிறேன். இன்னும் நிற்கிறேன். என் மனைவி பகவதி சொல்வாள், கல்யாணமான வருடத்திலிருந்து சொல்கிறாள், "உங்களுக்கு உள்ள வரவும் தெரியாது, வெளிய போகவும் தெரியாது, நடுவுல நின்னு செருப்பப் பாத்துட்டு இருப்பீங்க." அச்சகத்தின் நிலைப்படி. மேடையின் படி. வாய்மொழித் தேர்வுக் கூடத்தின் கதவு. இப்போது இது. ஐயோ. இருபத்திரண்டு வருடமாக இல்லாத ஆளைக் கற்பனை செய்துவிட்டதாக நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். நான் கற்பனை செய்தது ப்ரூக்மெல்ட்டை மட்டும்தான். மற்றதெல்லாம், முக்கால் பக்கமும், நிலைக்கண்ணாடி பார்த்து எழுதியது.

உள்ளே வைத்தேன் மற்ற காலையும். "மேடம்." "வாங்க சார்" என்றார் திரும்பாமலே, கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கிறார், எவ்வளவு நேரமாகவோ. விடைத்தாளை மேசையில் வைத்தேன். சொல்ல வேண்டியதை மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன், மூன்றும் மறந்துபோய், "ப்ரூக்மெல்ட்டுன்னு யாரும் கிடையாது மேடம். அது ஒரு அச்சு மெஷின்" என்றேன். வெளியே யாரோ கட்டை இறுக்கிக் கட்டும் சணல் சத்தம். அவர் பேனாவை மூடி வைத்தார், விடைத்தாளை இழுத்து, பதினெட்டாவது விடையை நிதானமாக, முழுதாக வாசித்தார். நாற்காலி வரியில் அவர் உதடும் அசைந்தது. பிறகு, "ஆய்வுல ரெண்டாம் வருஷமே தெரியும் சார்" என்றார். எனக்குப் புரியவில்லை. "மூணு ஊரு லைப்ரரிக்கு எழுதிக் கேட்டேன். அப்படி யாரும் இல்லன்னு பதில் போட்டுட்டாங்க. ஒரு வாரம் சோறு இறங்கல." "அப்புறம் எப்படி..." "நான் எழுதினதைப் படிச்சீங்களா சார்?" மேல்தட்டு, நீல அட்டை. தலையை ஆட்டினேன், அது ஆமாமும் இல்லை இல்லையும் இல்லை. "படிக்கல" என்றார், கோபமில்லாமல், விடைத்தாள் திருத்துகிற குரலில். "படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும். முன்னூறு பக்கத்துல ஒரு இடத்துலகூட ப்ரூக்மெல்ட் சொல்றாருன்னு நான் எழுதல. 'சிதம்பரதாணு சொல்கிறார்'னுதான் அடிக்குறிப்பு போட்டிருக்கேன். உரைநூல், பக்கம் தொண்ணூத்தாறு. சொன்னவரு இல்லன்னா என்ன சார், சொன்னது இருக்கு. கதை கதையா தேடினேன், வாசல்ல நிக்கிற ஆளு நூத்திப் பதினாலு பேரு கிடைச்சாங்க." மூச்சு விட்டேன், பன்னிரண்டு வருடத்து மூச்சு, கண்ணாடி மங்கியிருக்கும். அப்படியானால் ஒன்றும் எரியவில்லை, எரிய வேண்டியது என் அட்டைப் படம் மட்டும்தான். சிரிப்பு வந்தது. "நூத்திப் பதினாலா!" "நூத்திப் பதினஞ்சு" என்றார். "ஒருத்தரு கதையில இல்ல. என் வைவா அன்னைக்குக் கதவுல நின்னாரு. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. கையில லட்டு."

நான் செருப்பைப் பார்த்தேன். பகவதி சொன்னது போலவே. "கேள்வித்தாள் நான் போடல, விடைக்குறிப்பும் எனக்கு மேல இருந்து வரது" என்றார். "நான் போய்த் தப்புன்னு சொன்னா, புக்கு எழுதினவர் சொல்லட்டும்னுவாங்க. ஒவ்வொரு முகாம்லயும் நீங்க வருவீங்கன்னு பாப்பேன் சார். வருவீங்க, கட்டை வாங்குவீங்க, கதவு வரைக்கும் வந்து ஒரு வணக்கம் வைப்பீங்க, போயிருவீங்க." ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார், மேலே தன் பேனாவை வைத்தார். "எழுதிக் கொடுங்க. சுத்தறிக்கை இப்பவே அனுப்பிடறேன். பிள்ளைங்க படிச்சதைத்தானே எழுதியிருக்குதுங்க, அதுங்களுக்கு மார்க் குறைக்க வேண்டாம். மறுத்து எழுதியிருந்தா, காரணத்தைப் பாத்துப் போடலாம்." நின்றுகொண்டே எழுத ஆரம்பித்தேன். "உக்காருங்க சார்" என்றார், பிறகு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், "நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்துவிடுவார்களாமே." உட்கார்ந்தேன். ஐந்து வரி, கீழே கையெழுத்து, பெயர், பதவி. நான் எழுதியவற்றிலேயே மிகச் சிறிய நூல், ஒரு ஃபாரத்துக்கும் காணாது. கையெழுத்துக்குப் பக்கத்தில் நேரம் போட வேண்டும் என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நாற்பத்தேழு. அவர் அதைப் பிரதியெடுத்து மேசைகளுக்கு அனுப்பிய பிறகு, விடைத்தாளோடு நான் மேசைக்குத் திரும்பும்போது ஞானதிரவியம் சார் சுற்றறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். "தாணு சார், என்னது இது, ப்ரூக்மெல்ட் செத்துப் போயிட்டாரா?" "இல்ல சார். பிறக்கவே இல்ல." "அட நாசமாப் போக. எம் மகளுக்கு நான் மூணு நாளு அவரச் சொல்லிக் கொடுத்தேனே!" உலகம்மாள் மேடம் பேனாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்கிறார், அடுத்த மேசையிலும் சிரிப்பு, அதற்கடுத்த மேசையில் என்ன என்று கேட்கிறார்கள், சொல்கிறார்கள், சிரிப்பு மேசை மேசையாகத் தாவிக்கொண்டு கலையரங்கத்தின் கடைசி வரை போகிறது. மலர் போய்விட்டது, மாலை போய்விட்டது, எனக்கு ஏன் இவ்வளவு பசிக்கிறது? உட்கார்ந்து பன்னிரண்டாவது தாளைத் திறந்தேன். சிவப்புப் பேனா. பதினெட்டாவது வினாவுக்கு நேரே, வட்டம் போட்டு, ஒன்பது. இருபத்திரண்டும் ஒன்பதும் முப்பத்தொன்று. ஞானதிரவியம் சார் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இவ்வளவு கூத்துக்கும் அப்புறம் ஒரு மார்க்கை ஏன் சார் பிடிச்சு வச்சீங்க?" விதி என்றால் விதிதான், பிழை என்றால் பிழைதான், முப்பத்து நான்கு வருட ஆசிரியனின் கை சும்மா விடுமா? படியிலேயே நிற்கும் மனிதர் இல்லை என்று எழுதியிருந்தது தவறு. அடிக்கோடிட்டு, ஓரத்தில் சிறிய எழுத்தில் திருத்தத்தையும் எழுதி வைத்தேன்: 'இன்று 12.47 வரை இருந்தார்.'